கோமதிக்கு, மலேசியா, பேராக் மாநிலம், சுங்கை சிப்புட்டிலிருந்து

அன்புள்ள கோமதி,

உன் முழங்கால் தேவலையா? பேரன் அழாமல் பள்ளிக்குப் போகிறானா? இங்கே எல்லாரும் சுகம். செல்லமுத்து அண்ணனும் சுகம்தான், அவர் குரலும் அப்படியே இருக்கிறது. அவரைப் பற்றித்தான் எழுத வந்தேன். அதற்கு முன் தேவி சொன்னதைக் கேள்.

அவள் ஜெர்சித் தீவில் கணக்காய்வு வேலைக்குப் போயிருக்கிறாள் அல்லவா? ஜெர்சி மாடு பிறந்த ஜெர்சியேதான். உன் அம்மா லயத்துக்குப் பின்னால் கட்டியிருந்த செவலையின் பூர்வீகம். அது உன்னை வாய்க்காலில் தள்ளிய கதையை அவளிடம் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. பிரான்ஸ் கரையோரம் இருக்கும் சின்னத் தீவு, 118 சதுர கிலோமீட்டர், லட்சம் பேர் அளவுக்கு மக்கள். பிரிட்டிஷ் மன்னருக்குக் கீழ் என்றாலும் சட்டமன்றமும் வரியும் அவர்களுடையவை. அவ்வளவு சின்ன அரசு 1968-இலிருந்து வெளிநாட்டு ஏழைகளுக்கென்று பணம் ஒதுக்கி வருகிறதாம்.

எனக்கு வியப்பாக இருந்தது அவர்கள் ஒதுக்குகிற விதம். தீவின் மொத்தப் பொருளாதார மதிப்பில் இத்தனை பங்கு என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார்கள். கால் சதவீதத்தை ஒட்டிய பங்கு. வருமானம் கூடினால் தொகை கூடும், குறைந்தால் குறையும். யாருக்குக் கொடுப்பது என்பதை ஓர் ஆணையம் பார்த்துக்கொள்கிறது. மன்ற உறுப்பினர்களும் வெளியாட்களும் அதில் கலந்து உட்காருகிறார்கள். எல்லா நாட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுவதில்லை. எத்தியோப்பியா, மலாவி, ருவாண்டா, நேப்பாளம் போன்ற சில நாடுகள், தங்களுக்குக் கைவந்த சில வேலைகள், அவ்வளவுதான். மாடு வளர்ப்பு அவர்களுக்குத் தெரியும். அதனால் ருவாண்டாவிலும் மலாவியிலும் ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் குடும்பங்களுக்கு நல்ல இனம் கிடைக்கவும் பால் கூடவும் உதவுகிறார்கள். வங்கித் தொழில் தெரியும். அதனால் ஏழைகளுக்குச் சேமிப்பும் சிறு கடனும் எட்டும்படி செய்கிறார்கள். பூகம்பம், போர் என்று வந்தால் கொடுக்க ஒரு பகுதி தனியாக இருக்கும். உள்ளூர்க்காரர்களே சில வாரம் போய்க் கட்டட வேலையும் செய்துவிட்டு வருகிறார்களாம்.

நீ என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். பெரிய பணக்காரர்கள் வரிக்குப் பயந்து பணத்தைக் கொண்டுபோய் வைக்கும் இடம்தானே அது? ஆமாம். அங்கே பெரும்பாலான நிறுவனங்களுக்கு வரியே கிடையாது, தனி ஆளுக்கு இருபது சதவீதம்தான். ஏழை நாட்டுக்குப் போக வேண்டிய வரி இந்த மாதிரி இடங்களில் கரைந்துபோகிறது என்பதை நான் மறுக்கவில்லை. கால் சதவீதம் கொடுத்தால் அது சரியாகிவிடாது. ஆனாலும் அந்தத் தீவுக்குப் பசி தெரியும். 1940-இலிருந்து ஐந்து வருடம் ஜெர்மன் படையின் பிடியில் கிடந்தார்கள். கடைசிக் குளிர்காலத்தில் உணவு தீர்ந்தபோது, 1944 டிசம்பர் 30 அன்று வேகா என்ற செஞ்சிலுவைக் கப்பல் உணவுப் பொட்டலங்களோடு வந்து சேர்ந்தது. முகம் தெரியாதவர்கள் அனுப்பிய சாப்பாடு.

சரி, இப்போது அண்ணன் விஷயம். நம் பழைய தோட்டத்தில் இன்று செம்பனை வெட்டுகிறவர்களில் பாதிப்பேர் வங்காளதேசிகள், நேப்பாளிகள். ஒரு நேப்பாளிப் பையன் தோள்மேல் குலை விழுந்து எலும்பு முறிந்துவிட்டது. கை கூடி வரும்வரை சம்பளம் இல்லை, ஊருக்கும் பணம் போகாது. கோயில் நலநிதியிலிருந்து ஐந்நூறு வெள்ளி (ரிங்கிட்) கொடுக்கலாம் என்றேன். "நம் பிள்ளைகளுக்கே பள்ளிப்பை வாங்கக் காசில்லை, இதில் நேப்பாளிக்கா?" என்று அண்ணன் எழுந்துவிட்டார். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிட்ட அதே குரல். கூட்டம் இரண்டாகப் பிளந்தது.

கோமதி, அவர் சொன்னதில் பொய் இல்லை. பள்ளிப்பைக்கு நிஜமாகவே பணம் பற்றவில்லை. ஆனால் நம் பிள்ளைகளுக்கு அரசாங்கத்தின் ரஹ்மா உதவித்தொகை என்று ஏதோ ஒன்றாவது வீட்டுக்கு வருகிறது, அது குடிமக்களுக்கு மட்டும். அவனுக்கு இங்கே யார் இருக்கிறார்கள்? நம் தாத்தா கப்பலில் வந்து இறங்கியபோது நாமும் இந்த ஊருக்கு அவன்தானே?

அதனால்தான் தேவி சொன்னதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு மனிதனை நடுவில் நிறுத்தி "இவன் நம்மவனா?" என்று வாக்கெடுப்பது அசிங்கம். அவன் காதிலும் அது விழுந்திருக்கும். முதலில் பங்கைப் பிரித்து வைத்துவிட வேண்டும். உண்டியல் வசூலில் நலநிதிக்கு வருவதில் பத்தில் ஒன்று இந்த வட்டாரத்தில் வேலை செய்யும் வெளிநாட்டவருக்கு. பள்ளிப்பைப் பணத்தை அது தொடாது. யாருக்கு என்பதை மூன்று பேர் பார்த்துக்கொள்ளட்டும், அதில் ஒருவர் கோயிலுக்கு வெளியே உள்ளவராக இருக்கட்டும்.

இது புதுப் புத்தியும் இல்லை. 1960-இல் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற நேரத்தில் அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்க நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினாரே, நூறு வெள்ளிப் பங்கைப் பத்துப் பத்தாகக் கட்டியவர்களில் உன் அப்பாவும் ஒருவர். முதலில் வாங்கியது கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம். நம் பேராக்கில் ரப்பர் பால் வெட்டியவர்கள் கெடாக்காரனுக்கு எதற்கு என்று கேட்டிருந்தால் அந்தச் சங்கம் எழுந்தே இருக்காது. இதை அண்ணனிடம் சொன்னேன், கொஞ்சம் அமைதியானார்.

எனக்குப் பயம் வேறு. எழுதி வைத்தால் மட்டும் நிற்குமா? பணக்கார நாடுகள் வருமானத்தில் 0.7 சதவீதம் கொடுக்க வேண்டும் என்று ஐநா 1970-இலேயே சொல்லிவிட்டது. லக்சம்பர்க் ஒரு சதவீதத்தை ஒட்டிக் கொடுக்கிறது. பிரிட்டன் 2015-இல் அந்த 0.7-ஐச் சட்டமாகவே போட்டது. 2021-இல் 0.5 ஆக இறக்கிவிட்டார்கள், 2027-இல் 0.3-க்குக் கொண்டுபோகப் போகிறார்கள். அவ்வளவு பெரிய நாட்டின் சட்டமே ஆறு வருடம்தான் தாங்கியது. நம் கோயில் தீர்மானப் புத்தகம் எத்தனை தலைவர்களைத் தாங்கும்?

நீ கூட்டுறவுச் சங்கத்தில் அத்தனை வருடம் கணக்கெழுதினாயே, அதனால் கேட்கிறேன். இந்தப் பத்தில் ஒன்றை வேறு வங்கிக் கணக்கில் போட்டு, பொதுக்கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு இல்லாமல் தொடக்கூடாது என்று விதி எழுதலாமா? சங்கப் பதிவில் அதற்கு இடம் உண்டா? உன் பழைய விதிப்புத்தகம் வீட்டில் இருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. தீர்மானத்தை அடுத்த ஞாயிறு கூட்டத்தில் வைக்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் நல்லது.

அன்புடன்,
சரசு