மே மாதம் கொடைக்கானல் கிளம்பும் உங்களுக்கு

வணக்கம்.

நான் கொடைக்கானல்காரி. வீட்டு மாடியில் இரண்டு ரூம் வாடகைக்கு விடுகிறோம், பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் அதில் வருகிற காசில்தான் போகிறது. அதனால் "வராதீர்கள்" என்று சொல்லும் வசதி எனக்குக் கிடையாது. நான் கேட்பதெல்லாம், சனிக்கிழமை காலையில் எல்லாரும் சேர்ந்தாற்போல் வராதீர்கள்.

2024 மே 7-ம் தேதி உயர் நீதிமன்றம் சொல்லி, மேலே வருகிற வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தபோது நீங்கள் திட்டினீர்கள். நாங்களும் திட்டினோம், பிழைப்பு போச்சு என்று. அடுத்த வருடம் கோடைக்கு, ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று எண்ணிக்கையும் வைத்தார்கள்: வார நாட்களில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000. எந்த நாளில் ஊர் தாங்காதோ அந்த நாளுக்குப் போய் 2,000 வண்டி கூடுதல், இந்தக் கணக்கு எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சரி, அதை விடுங்கள். பாஸ் கையில் இருக்கிறது என்பதற்காக மேலே இடம் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள், அதுதான் முக்கியம்.

வத்தலக்குண்டு ரோடும் பழனி ரோடும் பெருமாள்மலையில் வந்து சேர்கின்றன. அங்கிருந்து ஊருக்குள் வர எல்லாருக்கும் அந்த ஒரே ரோடுதான். ஒருத்தர் வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கம் வண்டியை ஓரமாகப் போட்டுவிட்டு சோளம் வாங்க இறங்கினால் போதும், பின்னால் வரிசை வளைவு வளைவாக நீண்டுவிடும். (சோளம் விற்கிற அக்காவுக்கு அன்றைக்கு நல்ல வியாபாரம். டிராஃபிக் ஜாம் இருந்தால்தான் நமக்குப் பொழப்பு என்று சிரிப்பார், அதையும் சொல்லிவிட வேண்டும்.) ஆனால் போன வருடம் ஒரு மே ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வலி எடுத்து, கீழே கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஊருக்குள் மூஞ்சிக்கல்லில் கிளம்பிய ஆம்புலன்ஸ் பெருமாள்மலையைத் தாண்டவே இரண்டரை மணி நேரம் ஆனது. சைரன் போட்டாலும் ஒதுங்க இடம் இருந்தால்தானே ஒதுங்குவார்கள். குழந்தையும் தாயும் நன்றாக இருக்கிறார்கள், ஆனால் அன்றைக்கு வண்டியில் கூடப் போன அவளுடைய மாமியார் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை என்றால் வாசலுக்கு வந்து ரோட்டைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார்.

அப்புறம் தண்ணீர். மலை மேல் தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். கோடையில் எங்களுக்கும் லாரித் தண்ணீர்தான். நீங்கள் ஹீட்டரைப் போட்டு வெந்நீர் வரும்வரை குழாயைத் திறந்துவிடுகிறீர்கள் பாருங்கள், அந்தப் பச்சைத் தண்ணீரைப் பிடிக்கவென்றே பாத்ரூமில் ஒரு நீல பக்கெட் வைத்திருக்கிறேன். அதில் எங்கள் வீட்டில் ஒரு நாள் பாத்திரம் கழுவிவிடலாம். அந்த பக்கெட்டை மட்டும் ஓரமாக நகர்த்தி வைக்காதீர்கள். ஏரியிலிருந்து வழிந்து ஓடுவதுதான் வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியுமோ, ஊரின் நடுவே படகு விட்ட தண்ணீரில்தான் கீழே நின்று முகம் கழுவிக்கொண்டிருக்கிறீர்கள்.

5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி என்றதும், பாட்டிலைச் சீட்டுக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவருகிற கெட்டிக்காரர்களும் உங்களில் உண்டு. ஒரு ஸ்டீல் பாட்டில் கொண்டுவந்தால் இந்த வேலையே இல்லை. ராத்திரி காட்டுமாடு எங்கள் தெருவுக்கே வந்து குப்பைத்தொட்டியை முட்டிச் சாய்த்து, பிரியாணிப் பொட்டலத்தைக் கவரோடு மெல்லும். பக்கத்தில் போய் செல்ஃபி எடுக்காதீர்கள், அது உங்கள் ஊர் எருமை இல்லை.

வேண்டுமென்றால் இப்படிச் செய்து பாருங்கள். செவ்வாய்க்கிழமை வாருங்கள். முடிந்தால் வத்தலக்குண்டிலிருந்து அரசு பஸ்ஸில் வாருங்கள், அதற்குப் பாஸும் வேண்டாம், பார்க்கிங்கும் தேட வேண்டாம். காலையில் ஏறி, பன்னிரண்டு இடத்தை ஓடி ஓடிப் பார்த்து, ராத்திரியே இறங்குகிறவர்களால் ஊருக்கு மிஞ்சுவது புகையும் குப்பையும்தான். இரண்டு ராத்திரி தங்குங்கள், ஒரு நாள் பூம்பாறைக்குப் போய் மலைப்பூண்டு வாங்குங்கள், அதற்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, விற்கிறவரே வயலையும் காட்டுவார். மன்னவனூர் வரைக்கும் போனால் இன்னும் நல்லது. மே வேண்டாம் என்றால் ஜூலையில் வாருங்கள், மேகம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும், துணிதான் காயாது.

குறிஞ்சி 2018-ல் பூத்தது, இனி 2030-ல்தான். அதற்கும் இப்போதே ரூம் கேட்டு போன் வருகிறது! வார நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள், எழுதி வைத்துக்கொள்கிறேன். மே மாதம் சனிக்கிழமைக்கு நாங்கள் வாங்குகிற வாடகையில் பாதிதான் செவ்வாய்க்கிழமைக்கு. காலையில் சுக்குக் காபி உண்டு, அதற்குக் காசு கிடையாது.

இப்படிக்கு,
நீல பக்கெட் வீட்டுக்காரி