வராத பரிந்துரைக் கடிதம் பற்றி மகளுக்கு

ஈசூன், சிங்கப்பூர்
டிசம்பர் 3

அன்புள்ள மகளுக்கு,

அமெரிக்க முதுநிலைப் படிப்புக்குத் தேவையான மூன்று பரிந்துரைக் கடிதங்களில் இரண்டு போய்ச் சேர்ந்துவிட்டன என்றும், இங்குள்ள அலுவலகத்தில் உனக்கு மூத்தவராக இருந்தவர் செப்டம்பரிலேயே தருவதாக ஒப்புக்கொண்டது மட்டும் இன்னும் வரவில்லை என்றும் நேற்று தொலைபேசியில் சொன்னாய். அவரைப் பற்றி மனிதவளப் பிரிவுக்கு எழுதப்போவதாகவும் சொன்னாய். அது வேண்டாம். முன்னாள் ஊழியருக்குப் பரிந்துரைக் கடிதம் தந்தே ஆகவேண்டும் என்று இங்கே சட்டம் எதுவும் இல்லை. அது அவர் தம் பெயரை முன்வைத்துச் செய்யும் உதவி. முறையிட்டு வாங்கும் கடிதத்தில் உயிர் இருக்காது. படிப்பவர்களுக்கு அது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

முதலில், விண்ணப்பத் தளத்திலிருந்து அவருக்கு இணைப்பு வந்து சேர்ந்ததா என்று கேள். தளம் தானாக அனுப்பும் அஞ்சல்கள் அலுவலக மின்னஞ்சலில் வேண்டாத குப்பைகளோடு ஒதுங்கிவிடுவது சாதாரணமாக நடப்பதுதான். வந்திருந்தும் அவர் திறக்கவில்லை என்றால், வேறு காரணம் இருக்கலாம். இங்குள்ள பல நிறுவனங்களில், வேலை பார்த்த காலத்தையும் பதவியையும் மட்டும் குறிக்கும் சான்றிதழை மனிதவளப் பிரிவு தரும். நிறுவனத்தின் பெயரில் தனிப்பட்ட முறையில் யாரும் பரிந்துரைக்கக் கூடாது என்பார்கள். உன்னிடம் வாக்குக் கொடுத்த பிறகு அது அவருக்குத் தெரியவந்து, அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, பதிலே போடாமல் இருக்கிறாரோ என்னவோ. நம்மவர்களுக்கு 'முடியாது' என்ற சொல் எளிதில் வாயில் வருவதில்லை.

இன்னொன்றும் உண்டு. எழுத மனமிருந்தும் எதை எழுதுவது என்று தெரியாமல் தள்ளிப்போடுகிறவர்கள் பலர். தொடக்கக் கல்லூரியில் நற்சான்றிதழ் கேட்டு என்னிடம் வந்த மாணவர்களில், தாங்கள் செய்தவற்றை ஒரு தாளில் குறித்துக் கொண்டுவந்தவர்களுக்கே நான் முதலில் எழுதினேன். வெறுங்கையோடு வந்தவர்கள் காத்திருந்தார்கள். அமெரிக்கப் படிவங்கள் பலவற்றில், தாம் அறிந்தவர்களுள் விண்ணப்பதாரர் முதல் 5 விழுக்காட்டில் இருக்கிறாரா, 10 விழுக்காட்டிலா என்றுகூடக் கேட்பார்கள். ஆகவே அவருடன் நீ செய்த இரண்டு வேலைகளையும், அவற்றில் உன் பங்கு இன்னது என்பதையும் அரைப் பக்கத்தில் எழுதி அனுப்பு. 'நீயே எழுதித் தா, நான் கையெழுத்துப் போடுகிறேன்' என்று அவர் சொன்னால், குறிப்புகள் மட்டும் தருகிறேன் என்று பணிவாகச் சொல்லிவிடு.

செய்தி சுருக்கமாக இருக்கட்டும்: "ஐயா, கடிதம் 15ஆம் தேதிக்குள் சேர வேண்டும். வேலைப்பளுவால் இயலாவிட்டால் 9ஆம் தேதிக்குள் தயங்காமல் சொல்லுங்கள், நான் வேறு ஏற்பாடு செய்துகொள்கிறேன்." பள்ளி விடுமுறை நடக்கும் மாதம் இது. பிள்ளைகள் உள்ளவர்கள் எஞ்சிய விடுப்பை எடுத்துக்கொண்டு வெளியூர் போய்விடுவார்கள் என்பதால், 9ஆம் தேதிக்கு மேல் தள்ளாதே.

அந்தத் தேதிவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் வேண்டாம். பெர்த்தில் இப்போது உன் வேலையை நேரில் பார்க்கும் மேற்பார்வையாளரிடம் இன்றே கேள். கடிதம் வராத பரிந்துரையாளரை நீக்கி இன்னொருவரைச் சேர்க்கப் பல விண்ணப்பத் தளங்கள் அனுமதிக்கின்றன. உன்னுடையதில் அந்த வசதி இல்லையென்றால் துறை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். என் எண்ணத்தில், பெரிய பதவியில் இருந்துகொண்டு உன்னை மறந்துவிட்டவரைவிட உன் வேலையை அறிந்த சின்ன அதிகாரியே மேல்.

கடிதங்களைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறாயா என்று விண்ணப்பத்தில் கேட்டிருப்பார்கள். 1974ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம், சேர்ந்து படிக்கும் மாணவர்களுக்கு அந்த உரிமையைத் தருகிறது. விட்டுக்கொடுத்துவிடு. பின்னால் நீ படித்துப் பார்ப்பாய் என்ற நினைப்பு எழுதுகிறவரின் கையைக் கட்டிப்போடும்.

அமெரிக்கக் கிழக்குக் கரையில் 15ஆம் தேதி இரவு 11.59 என்றால், உனக்கும் எனக்கும் 16ஆம் தேதி பிற்பகல் 12.59. அந்தக் கடைசி மணி நேரத்தை நம்பாமல், ஒரு கடிதம் குறைந்தாலும் விண்ணப்பத்தை முன்னதாகவே அனுப்பிவிடு. கடிதங்களுக்குச் சில நாள் தவணை தரும் துறைகள்கூட விண்ணப்பத்துக்கு அதைத் தருவதில்லை.

அவர் தீபாவளிக்கு நம் வீட்டுக்கு வந்து போனவர்தானே, நான் ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்கிறாள் உன் அம்மா. நான் கேட்க மாட்டேன். தகப்பன் தூது போனால் அவருக்கும் சங்கடம், உனக்கும் மதிப்புக் குறைவு. 9ஆம் தேதி இரவு, அவரிடமிருந்து பதில் வந்தாலும் வராவிட்டாலும், மேற்பார்வையாளர் என்ன சொன்னார் என்பதை எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
அப்பா