கிளினிக்கைக் கைமாற்றும் முன்: கலிஃபோர்னியத் தமிழ் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். உங்கள் மருத்துவக் குழுமத்தை விற்கவோ, பெரிய நிறுவனத்தோடு இணைக்கவோ பேச்சு நடக்கிறதென்றால், விலை படிவதற்கு முன்பே இதைப் படித்துவிடுங்கள்.

2024 ஏப்ரல் 1 முதல் கலிஃபோர்னியாவில் இத்தகைய கைமாற்றங்களை, முடிக்கும் தேதிக்கு 90 நாள் முன்னதாக மருத்துவச் செலவு கைக்கெட்டும் அளவில் இருக்கிறதா என்று கண்காணிக்கும் ஓ.எச்.சி.ஏ. (Office of Health Care Affordability) என்ற மாநில அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆண்டு வருமானமோ சொத்தோ 2.5 கோடி டாலரைத் தொட்டால் இந்த வரம்புக்குள் வருவீர்கள். அப்படிப்பட்ட ஒருவரோடு ஒப்பந்தம் போடுகிறீர்கள் என்றால் 1 கோடி டாலரே போதும். மருத்துவர் பற்றாக்குறைப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடத்தில் நடத்துபவர்களுக்குத் தனி விதி உண்டு. தொகை சிறியது என்று இருந்துவிடாதீர்கள்.

“எங்களிடம் 25 டாக்டர்கள்கூட இல்லையே, எங்களுக்கு ஏன்?” என்று பலர் கேட்கிறார்கள். பொதுவாக உங்களுக்கு விலக்கு உண்டு, உண்மைதான். ஆனால் வாங்குபவருக்கு அந்த விலக்கு இல்லை. அவர் தாக்கல் செய்யும்வரை உங்கள் விற்பனையும் காத்திருக்கத்தான் வேண்டும்.

பெரும்பாலும் சிக்குவது, யார் யாருக்குச் சொந்தம் என்று காட்ட மனுவோடு தரும் அமைப்பு வரைபடத்தில். மருத்துவர் அல்லாதவர்கள் மருத்துவத் தொழிலை நடத்த இங்கே சட்டம் இடம் தராது. அதனால் முதலீட்டு நிறுவனம் ஒரு நிர்வாகக் கம்பெனியை வைத்துக்கொள்ளும். கிளினிக் ஒரு டாக்டரின் பெயரில் இருக்கும். அந்த டாக்டரின் பங்குகளை யாருக்கு மாற்றலாம் என்பதைத் தனி ஒப்பந்தம் ஒன்று கட்டிப்போட்டிருக்கும். வரைபடத்தில் டாக்டரின் பெயரை மட்டும் போட்டு அனுப்பினால் கேள்விக் கடிதம் வரும். மனு முழுமையடைந்த பிறகே, முழு ஆய்வு தேவையா என்று அலுவலகம் முடிவெடுப்பதற்கான 45 நாள் கெடு ஓடத் தொடங்கும். கைமாற்றத்துக்கு முன், பின் என இரண்டு படங்கள் வரைந்து, கட்டுப்பாடு உண்மையில் யார் கையில் என்பதைக் கோடு போட்டுக் காட்டுங்கள். 2026 ஜனவரி முதல் முதலீட்டு நிறுவனங்களும் நிர்வாகக் கம்பெனிகளும் நேரடியாகவே இந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டன.

தாக்கல் செய்வது அலுவலகத்தின் இணையதளத்தில் பொதுமக்கள் பார்வைக்குப் போகும். மறைக்க வேண்டிய பக்கங்கள் இருந்தால், காரணத்தோடும், அந்தப் பகுதிகளைக் கறுப்படித்து மறைத்த பிரதியோடும், தாக்கல் செய்யும் அன்றைக்கே கேளுங்கள். பிறகு கேட்பதில் பயனில்லை.

முழு ஆய்வு என்று முடிவானால் மாதங்கள் கூடும். இறுதி அறிக்கை வெளியான பிறகும் 60 நாள் பொறுத்துத்தான் முடிக்கலாம். விற்பனையைத் தடுக்கும் அதிகாரம் ஓ.எச்.சி.ஏ.வுக்கு இல்லை, ஆனால் மாநில அட்டர்னி ஜெனரலுக்கு அனுப்பி வைக்கலாம். ஆகவே ஒப்பந்தத்தில் முடிக்கும் தேதியை நாளாக எழுதாமல், ‘ஆய்வு முடிந்து இத்தனை நாளில்’ என்று எழுதச் சொல்லுங்கள்.

இதை வெறும் காகித வேலையாக நாங்கள் பார்க்கவில்லை. மாசசூசெட்ஸில் ஸ்டூவர்ட் (Steward) என்ற மருத்துவமனை நிறுவனம் 2016-இல் தன் மருத்துவமனைகளின் நிலத்தையும் கட்டடங்களையும் நூறு கோடி டாலருக்கு மேல் விற்று, அவற்றுக்கே வாடகை கட்டியது. 2024-இல் திவாலானது, அந்த ஆகஸ்டில் அங்கே இரண்டு மருத்துவமனைகள் மூடப்பட்டன. சிறிய கிளினிக்குகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்க்கும்போது ஒவ்வொரு விற்பனையும், கூட்டாட்சி அரசுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டிய தொகை வரம்புக்குக் கீழேயே இருந்துவிடுகிறது. 2025-இல் அந்த வரம்பு 12.64 கோடி டாலர். அதைப் பார்க்க மாநிலத்தை விட்டால் வேறு கண் இல்லை. உங்கள் நோயாளிகள் தங்கள் டாக்டருக்கு மேலே யார் உட்காரப் போகிறார் என்பதை முன்கூட்டியே அறிய வேண்டியவர்கள்.

இந்த வாரமே வாங்குபவரிடம் அவர்களுடைய முழு அமைப்பு வரைபடத்தையும் மூன்று ஆண்டு நிதி அறிக்கைகளையும் கேளுங்கள். தரத் தயங்கினால், கையெழுத்தைத் தள்ளிப்போடுங்கள்.