அரை அங்குலத்துக்கு ஒரு நன்றி மடல்

நம் ஊர்த் தமிழ்க் குடும்பங்கள் எல்லோருக்கும்,

பிள்ளைகளின் பேஸ்பால் நடத்தும் லிட்டில் லீகுக்கு எழுத வேண்டிய மன்னிப்புக் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். நன்றி சொல்ல உட்கார்ந்தால் தமிழில்தான் வருகிறது. உங்களில் பாதிப் பேருடைய பிள்ளைகள் அதே மைதானத்தில் ஆடுகிறவர்கள். சனிக்கிழமை நடந்ததை நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. புதன்கிழமை அரையிறுதியில் என் மகன் போட்டது 59 பந்து. பந்து எண்ணும் கிளிக்கரைப் பிடித்திருந்த நான், சனிக்கிழமை இறுதி ஆட்டத்திலும் அவன் பந்து போட வேண்டும் என்று தாளில் எழுதியது 50. போதும்.

மொத்தமாகச் சொல்லிவிட வேண்டிய நன்றிகள் நிறைய. இறுதி ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன்னால் கார் நிறுத்துமிடத்தில் அவன் அந்த உண்மையைச் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்ட மேனேஜருக்கு. அவனுக்குப் பதிலாக, நின்று பந்து போடும் மண்மேடான மவுண்டில் ஏறி, தோற்று, அழுதுவிட்டு, ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்அவுட்டில் அவன் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்து சூரியகாந்தி விதைப் பையை நீட்டிய அந்தப் பிள்ளைக்கு. ஞாயிறு மதியம் சாம்பார் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் வாசலில் வைத்துவிட்டு மணியடிக்காமல் போன அக்காவுக்கு (டப்பா கழுவி வைத்திருக்கிறேன்). கூப்பிட்டுத் திட்டிய நண்பருக்கும், கூப்பிடாமலே இருந்தவர்களுக்கும்.

இனி அந்தப் பெரியவர். ஸ்கூல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், நம் மைதானத்தில் அம்பயராக நிற்பவர். பிள்ளைகள் அவருக்குப் பயப்படுவார்கள். நானும்தான். சனிக்கிழமை ராத்திரி அவரிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது: "நாளை காலை 7 மணி, மைதானம், இரண்டு பேரும் வாருங்கள்."

விசாரணை என்றுதான் நினைத்தேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. சாயங்காலத்திலிருந்து மகன் என்னோடு பேசவில்லை. கோபம் என்று நினைத்தேன். அவன் அப்பாவைக் காட்டிக் கொடுத்துவிட்டோமே என்று அழுதுகொண்டிருக்கிறான் என்று அப்புறம் மனைவி சொன்னாள். அவளிடம்தான் சொல்லியிருக்கிறான். நான் கூடத்தில் உட்கார்ந்து டேனி அல்மான்டேயைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 2001இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் அணிக்காக, லிட்டில் லீக் உலகத் தொடர் நடக்கும் வில்லியம்ஸ்போர்ட்டில் எதிரணிகளைத் திணறடித்த பையன். 12 என்று தாளில் காட்டிய வயது உண்மையில் 14. அணியின் வெற்றிகளை எல்லாம் ரத்து செய்தார்கள். அவனுடைய அப்பாவுக்கு லிட்டில் லீகில் வாழ்நாள் தடை. தாளை மாற்றியது பெரியவர்கள். இருபது வருடம் தாண்டியும் தேடினால் முதலில் வந்து நிற்பது அந்தப் பிள்ளையின் பெயர்.

போன ஆகஸ்டில் நாங்களும் வில்லியம்ஸ்போர்ட் போயிருந்தோம். நியூஜெர்சியிலிருந்து மூன்று மணி நேர ஓட்டம்தான், ஆட்டம் பார்க்கக் கட்டணமும் கிடையாது. மைதானத்துக்குப் பின்னால் இருக்கும் புல் மேட்டில் பிள்ளைகள் அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போட்டு உட்கார்ந்து சறுக்கிக்கொண்டே இருப்பார்கள். இவனும் சறுக்கினான். சாயங்காலம் முழுக்க அவனுக்கு ஆட்டத்தைவிட அந்த அட்டைதான் பெரிதாக இருந்தது. நான்தான் கீழே நடந்த ஆட்டத்தில் இவனை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆசை என்னுடையது என்று அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, ஞாயிறு காலை. பெரியவர் தன் பிக்கப் வண்டியிலிருந்து களிமண் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார். வணக்கம் சொன்னார். மண்ணைச் சமப்படுத்தும் ரேக்கை ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்தார். அவ்வளவுதான். சனிக்கிழமை என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. மவுண்டில், பந்து போடும் பிட்ச்சரின் முன்கால் விழுந்து விழுந்து பறித்திருக்கும் குழியைக் காட்டினார். உதிரி மண்ணைப் பெருக்கித் தள்ள வேண்டும், தண்ணீர் தெளிக்க வேண்டும், களிமண்ணைப் போட்டுத் திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும், மறுபடி தெளிக்க வேண்டும். மகனும் நானும் மாறி மாறி இடித்தோம். பேசவில்லை, ஆனால் ஒருவர் கை ஓயும்போது மற்றவர் வாங்கிக்கொண்டோம்.

அப்புறம் அளவு நாடாவை எடுத்தார். பிட்ச்சர் மிதிக்கும் ரப்பர் பலகைக்கும் அடிப்பவர் பக்கத்தில் நிற்கும் ஹோம் பிளேட்டின் பின் முனைக்கும் நடுவே சரியாக 46 அடி இருக்க வேண்டும். ஒரு முனையை மகனிடம் கொடுத்து பிளேட்டில் உட்காரச் சொன்னார். மறுமுனை என்னிடம். அவர் வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார்: "எவ்வளவு?"

குனிந்து பார்த்தேன். நாற்பத்தைந்து அடி, பதினொன்றரை அங்குலம். நாற்பத்தாறு என்ற சொல் வாய் வரை வந்துவிட்டது, நம்புங்கள். அரை அங்குலத்தை யார் பார்க்கப் போகிறார்கள்! நான் ஊரில் வளர்ந்த கிரிக்கெட் அப்படி. பேட்டிங் அணிக்காரனே அம்பயர், கரியால் சுவரில் எழுதிய ஸ்கோரைப் பாதி ஆட்டத்தில் யாராவது அழித்திருப்பார்கள், அழுகுணி ஆட்டம் ஆடாதவன் ஆட்டமே தெரியாதவன். தலையை நிமிர்த்தினேன். நாடாவின் அந்த முனையில் மகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அரை அங்குலம் குறைகிறது," என்றேன்.

"அப்படியா, பெயர்த்துப் போடுவோம்," என்றார் பெரியவர். சலிப்பும் இல்லை, மெச்சுதலும் இல்லை. பலகையைத் தோண்டி எடுத்து, நகர்த்தி, மறுபடி பதித்து, சுற்றிலும் மண் இடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. முழங்கால் வரை சேறு. நடுவில் மகன் தமிழில் முணுமுணுத்தான்: "பேசாம நாப்பத்தாறுன்னு சொல்லியிருக்கலாம்பா." சொல்லிவிட்டு அவனே சிரித்துவிட்டான். நான் மண்வெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்து சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை. பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை, மொழிபெயர்த்துச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. தெர்மாஸிலிருந்து ஒரு மூடி காப்பி ஊற்றி என்னிடம் நீட்டினார்.

பந்துக் கணக்கு லிட்டில் லீகில் 2007இலிருந்து இருக்கிறது. பன்னிரண்டு வயதுக்காரன் 36 முதல் 50 பந்துக்குள் முடித்தால் இரண்டு நாள் ஓய்வு, 51ஐத் தொட்டால் மூன்று நாள். புதனுக்கும் சனிக்கும் நடுவே இருப்பது இரண்டு நாள். எதிரணியை ஏமாற்றினேன் என்றுதான் சனிக்கிழமை வரை நினைத்திருந்தேன். விதி எதற்கு இருக்கிறது? வளரும் முழங்கை தாங்காது என்பதற்காக. அந்த முழங்கை என் வீட்டில், என் பக்கத்தில் உட்கார்ந்து சாதம் பிசைகிறது. ராத்திரி தைலம் தேய்த்துவிடுகிறவனும் நான்தான். அந்த ஒரு நாளை நான் எடுத்தது அதனிடமிருந்து.

கிளிக்கரை இனி தொடமாட்டேன். லீக் கொடுத்தாலும் வேண்டாம். ஆனால் இந்த சீசன் முடியும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் மைதான வேலைக்கு எங்கள் இரண்டு பேர் பெயரையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெயர் எழுதச் சொன்னது மகன்.

பெரியவருக்கு இந்த மடலைப் படிக்கத் தெரியாது. போன வாரம் வீட்டு முறுக்கு கொண்டுபோய்க் கொடுத்தேன், பல்லுக்குக் கடினம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். யாராவது அதிரசம் நன்றாகச் சுடுவீர்கள் என்றால் சொல்லுங்கள். வேலைக்கு வர நினைப்பவர்கள் ஞாயிறு காலை 7 மணிக்கு வரலாம். ரேக் மூன்றுதான் இருக்கிறது, கையுறை நீங்களே கொண்டுவர வேண்டும். இந்த வாரம் இரண்டாம் பேஸ் பக்கம் தண்ணீர் தேங்கி நிற்கிறது, மண் நிறைய வேண்டியிருக்கும்.