கியர்பாக்ஸை இறக்கும் முன் சென்சாரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆட்டோமேட்டிக் கார் ஒரே கியரில் நின்றுகொண்டு, ஸ்பீடோமீட்டர் முள்ளும் துள்ளினால், 'கியர்பாக்ஸ் போச்சு' என்று சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் கியர்பாக்ஸில் சுழற்சி வேகத்தை அளக்கும் வேக சென்சாரின் சிக்னல் அறுந்தாலும், சேதத்தைத் தவிர்க்க வண்டியின் கட்டுப்பாட்டுக் கணினி இதே போல ஒரே கியரில் பூட்டிவிடும்.

ஸ்கேனரில் பி0715, பி0717 என்ற பழுதுக் குறியீடுகள் வந்தால் இன்புட் பக்கம் (என்ஜினிலிருந்து சுழற்சி உள்ளே வரும் பக்கம்). பி0720, பி0722 என்றால் அவுட்புட் பக்கம் (சக்கரங்களுக்குப் போகும் பக்கம்). ஆனால் குறியீடு காட்டுவது ஒயர், கனெக்டர் எல்லாம் சேர்ந்த சர்க்யூட்டைத்தான், சென்சாரை மட்டுமல்ல. முதலில் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள்: உள்ளே ஆயில் கசிவு, பச்சை பூத்த கனெக்டர் முள், சைலன்சர் சூட்டில் உருகிய ஒயர். பல பழுதுகள் இங்கேயே அகப்படும்.

இரண்டு ஒயர் சென்சார் பெரும்பாலும் காந்தச் சுருள் வகை. அதன் ஓம் அளவை (மின்தடையை) அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிட வேண்டும். மூன்று ஒயர் உள்ள ஹால் வகைக்கு (உள்ளே மின்னணுச் சுற்று உள்ள காந்தப்புல சென்சார்) ஓம் சோதனை பயன்படாது. இக்னிஷனை ஆன் செய்து சப்ளை (வண்டியைப் பொறுத்து 5 அல்லது 12 வோல்ட்), எர்த் இரண்டும் வருகிறதா என்று பார்த்து, பிறகு சிக்னலைப் பாருங்கள்.

கழற்றிய சென்சார் முனையில் இரும்புத் தூள் ஒட்டியிருந்தால் துடைத்து மாட்டலாம். மாவு போலிருந்தால் வழக்கமான தேய்மானம். சில்லு சில்லாக இருந்தால் கியர்பாக்ஸையே சந்தேகிக்க வேண்டும். ஓ-ரிங்கை (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையத்தை) புதிதாகப் போட்டு, கியர்பாக்ஸ் ஆயிலைத் தடவி மாட்டுங்கள். போல்ட்டை முரட்டுத்தனமாக இறுக்கினால் அலுமினிய மரை போய்விடும். சில வண்டிகளில் சென்சார் உள்ளே வால்வு பாடியில் (ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் பாகத்தில்) இருக்கும். அதற்கு அடியிலுள்ள ஆயில் தட்டை இறக்கியே தீர வேண்டும்.

ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் சிலர்