விடுவிக்காமற்போனாலும்

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற மாத இதழில், பதின்பருவப் பிள்ளைகளுக்கான கிறிஸ்தவ டிஸ்டோபியா நாவல்களை, அதாவது கொடுங்கோல் உலகத்தைக் காட்டும் கதைகளைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறை, பாதிக்கு மேல் சரிதானே என்று பட்டது. மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

பிள்ளைகளைப் பயமுறுத்தி விசுவாசத்துக்குள் தள்ளும் எழுத்து என்கிறார் கட்டுரையாளர். அந்தப் பயம் எனக்குப் பழக்கமானதுதான். ஒன்பது வயதில் ஒருநாள் பள்ளி விட்டு வீட்டுக்கு வந்தால் கதவு திறந்து கிடக்கிறது, அடுப்பில் உலை கொதிக்கிறது, அம்மாவைக் காணோம். முந்தின வாரம்தான் கன்வென்ஷன் கூட்டத்தில் இரகசிய வருகையைப் பற்றிக் கேட்டிருந்தேன். இயேசு திடீரென்று வந்து விசுவாசிகளை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்பது அது. இரண்டுபேர் வயலில் இருப்பார்கள், ஒருவன் ஏற்றுக்கொள்ளப்படுவான், ஒருவன் கைவிடப்படுவான். சரி, அம்மா போய்விட்டாள், நான் கைவிடப்பட்டுவிட்டேன் என்று முடிவே கட்டிவிட்டேன். பக்கத்து வீட்டு ஆச்சி திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் சிவன் கோவிலுக்குப் போகிறவள், அவள் இருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பாஸ்டர் வீட்டுக்கு ஓடினேன். பாஸ்டரம்மா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அப்பாடா என்றிருந்தது. (பாஸ்டரை மட்டும் பார்த்திருந்தால் அவ்வளவு நிம்மதி வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.) அம்மா பின்தெருவுக்குத் தயிர் வாங்கப் போயிருந்தாள்.

அதனால் 'லெஃப்ட் பிஹைண்ட்' வரிசை எனக்குப் புதிய உலகம் அல்ல. அந்த வருகையில் கைவிடப்பட்டவர்களின் கதையாக டிம் லஹேயும் ஜெர்ரி ஜென்கின்ஸும் 1995-ல் தொடங்கிய நாவல் வரிசை அது. பிள்ளைகளுக்கென்றே அதில் ஒரு கிளை வரிசை உண்டு. 1998 முதல் 2004 வரை 40 சின்னப் புத்தகங்கள். சிகாகோ பக்கத்துப் பிள்ளைகள் நான்கு பேர். அதில் ஒருவன் வீட்டை விட்டு ஓடி லண்டன் விமானத்தில் ஏறியவன். நடுவானில் பார்த்தால் பல இருக்கைகளில் உடை மட்டும் கிடக்கிறது, ஆளைக் காணோம். எங்கள் வீட்டு அடுப்பில் கொதித்த உலைதான் அங்கே அந்த உடைகள்.

கட்டுரையாளர் பயம்தான் குற்றம் என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பயமே இல்லாத டிஸ்டோபியா என்று ஒன்று உண்டா? அந்தக் கதைகளில் வரும் பிள்ளைகள் ஒளிகிறார்கள், ஓடுகிறார்கள், சாகவும் செய்கிறார்கள். ஆனால் வருகைக்குப் பின் வரும் ஏழு வருட உபத்திரவத்துக்கும் அட்டவணை ஏற்கெனவே போட்டாயிற்று. வெளிப்படுத்தின விசேஷத்தில் சொன்ன முத்திரைகள், எக்காளங்கள், கலசங்கள் என்று தண்டனைகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். யார் ஜெயிப்பார் என்பது முதல் பக்கத்திலேயே தெரியும். அப்புறம் அந்தப் பிள்ளை தீர்மானிக்க என்ன மிச்சம்? ஒரு ஜெபம்தான். அதைச் செய்தவன் உள்ளே, செய்யாதவன் வெளியே. அதற்கு மேல் அவன் கையில் இருப்பது குறைவு. எனக்குக் குறை அங்கேதான்.

இன்னொன்று. இந்த இரகசிய வருகைக் கணக்கைக் கிறிஸ்தவ நம்பிக்கை என்றே கட்டுரை எடுத்துக்கொள்கிறது. 1830-களில் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர் வகுத்து, 1909-ல் வந்த ஸ்கோஃபீல்டின் குறிப்புப் பைபிள் வழியாக அமெரிக்கா முழுக்கப் பரவிய போதனை அது. கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ்காரர்களும் லுத்தரன்களும் அதைப் போதிப்பதில்லை. கிறிஸ்தவ டிஸ்டோபியாவே 1995-ல் தொடங்கியது போலக் கட்டுரை சொல்வதும் சரியில்லை. ராபர்ட் ஹ்யூ பென்சன் என்ற ஆங்கிலேயக் கத்தோலிக்கக் குரு, கடவுளை ஓரங்கட்டிவிட்டு ஒரே தலைவனின் கீழ் சேர்ந்துகொண்ட உலகத்தை 1907-லேயே நாவலாக எழுதிவிட்டார். 2015-ல் மணிலாவிலிருந்து திரும்பும் விமானத்தில் போப் பிரான்சிஸ் பத்திரிகையாளர்களிடம் படிக்கச் சொன்ன நாவல் அது. பிள்ளைகளுக்கு அது கொஞ்சம் கனம், விட்டுவிடுவோம்.

பிள்ளைகளுக்கான டிஸ்டோபியா எப்படி இருக்கவேண்டும் என்று என்னைக் கேட்டால், பைபிளில் தானியேல் புத்தகத்தின் முதல் மூன்று அதிகாரங்களை எடுத்துப் படிக்கச் சொல்வேன். சண்டே ஸ்கூலில் படம் வரைந்து வரைந்து அதை நாம் பொம்மைக் கதையாக்கிவிட்டோம். உண்மையில் என்ன நடக்கிறது அங்கே? போரில் தோற்ற ஊரிலிருந்து வாலிபர்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். ஜெயித்த பாபிலோன்காரர்களான கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்றுக்கொடுக்கிறார்கள், படிப்பு மூன்று வருஷம். சாப்பாடு ராஜாவின் பந்தியிலிருந்து. பெயரையும் மாற்றிவிடுகிறார்கள். அனனியா சாத்ராக் ஆகிறான், அசரியா ஆபேத்நேகோ ஆகிறான். அடி இல்லை, உதை இல்லை. ஹாஸ்டல், ஸ்காலர்ஷிப் எல்லாம் உண்டு. பிறகு 60 முழ உயரத்தில் ஒரு பொற்சிலை. எக்காளம், நாகசுரம், கின்னரம், வீணை, சுரமண்டலம், தம்புரு முதலான சகலவித கீதவாத்தியங்களின் சத்தம் கேட்டதும் எல்லாரும் தாழ விழவேண்டும். விழாதவனுக்கு எரிகிற அக்கினிச்சூளை. இந்த வாத்தியப் பட்டியல் அந்த ஒரே அதிகாரத்தில் நான்கு முறை வருகிறது. சத்தமாக வாசித்தால் முதலில் சிரிப்பு வரும், நான்காவது தடவை வராது.

விழாமல் நின்ற மூன்று பேரும் ராஜாவிடம் சொல்லும் பதிலில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் தேவன் எங்களை விடுவிப்பார் என்கிறார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் அதுவும் அட்டவணைக் கதைதான். அடுத்த வசனம் "விடுவிக்காமற்போனாலும்" என்று தொடங்குகிறது. முடிவு தெரியாமல்தான் நிற்கிறார்கள். அக்கினிச்சூளைக்குள் நான்காவது ஆள் உலாவியதெல்லாம் அப்புறம்.

இந்த வார்த்தை உள்ளே இருக்கிற நாவல்களைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. மேடலின் லெங்கிள் 1962-ல் எழுதிய 'எ ரிங்கிள் இன் டைம்' ஒன்று. அதில் கமாசோட்ஸ் என்று ஒரு கிரகம். ஒரே மாதிரி வீடுகள், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பிள்ளை. ஒருத்தி கயிறு தாண்டுகிறாள், ஒருவன் பந்து தட்டுகிறான். எல்லாக் கயிறும் ஒரே நேரத்தில் தரையைத் தொடும், எல்லாப் பந்தும் ஒரே தாளத்தில் குதிக்கும். ஒரே ஒரு பையனுக்குத் தாளம் தப்புகிறது, பந்து கை நழுவி உருண்டுவிடுகிறது. அதைப் பார்த்த அவன் அம்மாவின் முகத்தில் வருகிற பீதி இருக்கிறதே, அந்த நாடு எப்படிப்பட்டது என்பதற்கு வேறு விளக்கமே வேண்டாம். சிலைக்கு முன் நாகசுரம் ஒலித்ததும் விழுந்த கூட்டம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. கண்ணாடி போட்ட, கோபக்காரி மெக் தன் தம்பியை மீட்க அங்கே தனியாகத் திரும்பிப் போகிறாள். ஜெயிப்போம் என்று யாரும் அவளுக்கு வாக்குக் கொடுக்கவில்லை.

லெங்கிள் எபிஸ்கோப்பல் (அமெரிக்க ஆங்கிலிக்கன்) சபைக்காரர். யோவான் சுவிசேஷத்தில் ஒளி இருளிலே பிரகாசிக்கிறது என்று வரும் வசனத்தை நாவலுக்குள்ளேயே வைத்தவர். 1963-ல் சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி விருதும் கிடைத்தது. ஆனாலும் அமெரிக்க நூலகங்களில் இந்தப் புத்தகத்தை எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டவர்களில் கிறிஸ்தவப் பெற்றோர்களே நிறைய. இருளோடு போராடியவர்கள் வரிசையில் இயேசுவோடு புத்தரையும் காந்தியையும் சேர்த்துவிட்டாராம். இது நம் ஊர்ச் சபை கமிட்டியிலும் நடக்கக்கூடியதுதான்.

2008-க்குப் பிறகு அமெரிக்காவில் டிஸ்டோபியா அலை அடித்தபோது கிறிஸ்தவப் பதிப்பகங்களும் இறங்கின. கிறிஸ்டா மெக்கீயின் 'அனாமலி' (2013) படித்தேன். அணுப்போருக்குப் பின் நிலத்தடியில் ஒரு சமூகம், மரபணுவிலேயே உணர்ச்சியை எடுத்துவிட்ட மனிதர்கள், அவர்களில் ஒரு இசைக்காரப் பெண்ணுக்கு மட்டும் உணர்ச்சி மிச்சம். தொடக்கம் நன்றாகவே இருந்தது. கடவுளை அறிந்த பெரியவர் வந்து பதில் சொல்ல ஆரம்பித்ததும் பிரசங்க நெடி ஏறிவிட்டது. அந்தப் பெண் கேள்வியை இன்னும் ஐம்பது பக்கம் சுமந்திருக்கலாம்.

இப்படிப் பிரித்துப் பார்த்து ஒரு கட்டுரை எழுதச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால், எந்தப் புத்தகத்தை எங்கள் சண்டே ஸ்கூல் அலமாரியில் வைப்பது என்று என்னைப் போன்றவர்களுக்குத் தெரியாமல் போகிறது.

இந்த மே மாத வி.பி.எஸ்.-க்கு (விடுமுறை வேதாகமப் பள்ளி) தானியேல் மூன்றாம் அதிகாரத்தை நாடகமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். நாகசுரத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது. ராஜாவுக்கு அடிதடியே நடக்கிறது. நிற்பதற்குத்தான் மூன்று பேர் கிடைக்கவில்லை. சத்தம் கேட்டதும் தொப்பென்று விழுகிற கூட்டத்தில் சேர்த்துவிடுங்கள் அக்கா என்று எல்லாரும் கேட்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை