மேசை கைமாறிய வாரம்

ஹூஸ்டன்
டிசம்பர் 6

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். அப்பாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா? மாதாமாதம் வீட்டுக்கு வந்து பிரஷர் பார்த்து மாத்திரை தருகிற அக்காவிடம் அதைச் சொன்னாயா?

வேலையைப் பற்றிப் போனில் கேட்டாய், அவசரத்தில் சரியாகச் சொல்லவில்லை. நாங்கள் மருந்தை விலைக்கு வாங்கித் தருவதில்லை அம்மா. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகத் தர மருந்துக் கம்பெனிகளே திட்டம் வைத்திருக்கின்றன. கம்பெனிக்கு ஒரு ஃபாரம், மருந்துக்கு ஒரு விதி. சம்பளச் சீட்டு, டாக்டர் கையெழுத்து எல்லாம் வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் திரும்பி வந்துவிடும். எழுதி அனுப்பி, போன் போட்டு விரட்டி, மருந்து கைக்குச் சேரும்வரை கூடவே நிற்பதுதான் எங்கள் வேலை. அமெரிக்காவிலேயே இன்ஷூரன்ஸ் இல்லாதவர்கள் விகிதம் அதிகமாக உள்ள மாநிலம் இந்த டெக்சாஸ். ஊனமோ பிள்ளைகளோ இல்லாத நடுத்தர வயதுக்காரர் எவ்வளவு ஏழையானாலும் அரசின் மருத்துவ உதவி கிடைக்காது. சமையல்கட்டிலும் கட்டட வேலையிலும் உழைக்கிறவர்கள்தான் எங்களிடம் வருகிறார்கள்.

எங்கள் ஆபீசில் பதினோரு வருடம் இந்த வேலைக்கான மேசையைப் பார்த்த ஒரு மூத்த அம்மா ஓய்வு பெறுகிறார். இரண்டு வாரமாக எல்லாவற்றையும் என்னிடம் ஒப்படைத்துக்கொண்டிருக்கிறார். கம்ப்யூட்டரில் இருப்பதை ஒரே நாளில் காட்டிவிட்டார். மீதி நாளெல்லாம் போனது அவருடைய நீல நோட்டுக்கு. "மருந்து அனுப்பியாயிற்று" என்று கம்ப்யூட்டர் சொல்லும். யாருக்கு எந்தத் தேதியில் கடைசி மாத்திரை தீரும் என்று நோட்டுதான் சொல்லும். ஒருவருக்கு மூன்று மணிக்கு முன் போன் போடக்கூடாது, வேலையிடத்தில் போனைப் பூட்டிவைத்துவிடுவார்கள். இன்னொரு பெண்ணுக்குக் கடிதம் அனுப்பிப் பயனில்லை, படிக்கத் தெரியாது. வேறொருவர் எப்போது கேட்டாலும் "இருக்கிறது" என்பார். கேட்க வெட்கப்பட்டு இன்சுலினைப் பாதிப் பாதியாகப் போட்டுக்கொள்கிறவர். "இருக்கிறதா என்று கேட்காதே, பெட்டியைத் திறந்து எண்ணச் சொல், எண்ணி முடிக்கும்வரை போனை வைக்காதே" என்றார்.

டிசம்பரில் வேலை மாறுவதுதான் பயமாக இருக்கிறது. பல திட்டங்கள் 31-ஆம் தேதியோடு முடிகின்றன, எல்லாருக்கும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். போன வாரம் நான் அனுப்பிய ஒரு ஃபாரத்தில் கையெழுத்துக்குக் கீழே தேதி விட்டுப்போயிற்று. திரும்பி வந்துவிட்டது. அந்த மனிதரிடம் நான்கு நாளுக்கான இன்சுலின்தான் மிச்சம். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. நகரத்தின் மறுகோடியில் தனக்குத் தெரிந்த டாக்டரிடம் என்னையும் காரில் கூட்டிப்போய், சாம்பிள் இன்சுலின் ஊசிப் பேனாக்கள் இரண்டு வாங்கி, அந்த மனிதர் வீட்டு வாசலிலேயே கொடுத்தார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

திரும்பி வரும்போது சொன்னார்: இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் 1923-இல் அதன் உரிமையை டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தார்களாம். இங்கே ஒருவகை இன்சுலின் குப்பி 1996-இல் 21 டாலர், 2017-க்குள் 275 டாலருக்குப் போயிருந்தது. 2023-இல் கம்பெனிகள் விலையைக் குறைப்பதாக அறிவித்தார்கள். குறைவதற்கு முன்பு பாதி ஊசியோடு காலம் தள்ளியவர்களின் பெயர்கள் அவருடைய பழைய நோட்டுகளில் இருக்கின்றன.

நம் ஊரில் 2021-இல் தொடங்கிய, அப்பாவுக்கு வீட்டுக்கே மாத்திரை வருகிற அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் பற்றி அவரிடம் சொன்னேன். "சம்பளச் சீட்டு கேட்க மாட்டார்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். ஊரில் இருந்தபோது அதன் அருமை எனக்குத் தெரியவில்லை அம்மா.

வெள்ளிக்கிழமை அவருக்குக் கடைசி நாள். நோட்டை என்னிடம் விட்டுவிட்டுப் போகிறார்.

மாத்திரையால்தான் வீக்கம் என்று பயந்து அப்பா அதை நிறுத்தியிருப்பாரோ என்று எனக்குச் சந்தேகம். அவரிடம் கேட்காதே, மாத்திரை அட்டையை வாங்கி நீயே எண்ணிப் பார். எத்தனை மிச்சம் என்று எழுது.

அன்புடன்,
உன் மகள்